ஆறு ஆம்பியரில் ஒரு சமையலறை: ரெடிங்கிலிருந்து கார்டா ஏரிக்கு வாடகை கேரவனில்

நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டிதான் நினைவுக்கு வரும். இது அது இல்லை. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகிற வீடு. இதற்கென்று தனி இன்ஜின் கிடையாது. உள்ளே படுக்கை, கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் இருக்கும். 2025 ஆகஸ்டில் அப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்து, இங்கிலாந்தின் ரெடிங் நகரிலிருந்து இத்தாலியின் கார்டா ஏரிவரை போய்வந்தோம். மொத்தம் பதினாறு நாள். நான், என் கணவர், பதினொரு வயது மகள், ஏழு வயது மகன், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மா.

அம்மாவை முன்னிட்டுத்தான் கேரவன். முந்தைய தடவை வந்தபோது பாரிஸுக்கு மூன்று நாள் கூட்டிப்போனோம். ஹோட்டல் அறையில் ஒரு கெட்டில் மட்டும் இருந்தது. அம்மா சுத்த சைவம், வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. மூன்று நாளும் ரொட்டி, வாழைப்பழம், தயிர் என்று ஓட்டினார். மூன்றாம் நாள் லூவர் அருங்காட்சியக வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். இனி அம்மாவோடு ஐரோப்பா போவதென்றால் அடுப்பும் கூடவே வரவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தப் பயணத்தை அடுப்படியிலிருந்து தொடங்கித்தான் திட்டமிட்டேன். எந்த ஊர், எந்தக் கோட்டை என்பதெல்லாம் அப்புறம் வந்தது. சிறு பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிற குடும்பங்களுக்கு நான் சொல்வதும் அதே வரிசைதான்.

முதலில் விசா. எங்கள் நால்வருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், அம்மாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி மூன்றும் ஷெங்கன் பகுதிதான் (பொது விசா வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு), ஒரே விசா போதும். அதை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் கேட்கவேண்டும். முதலில் நுழைவது பிரான்ஸ் என்றாலும் எங்களுக்கு இத்தாலியில்தான் எட்டு இரவு, அதனால் இத்தாலி விசா. இங்கிலாந்துக்குச் சுற்றுலா விசாவில் வந்து இறங்கிய பிறகு இங்கிருந்து விண்ணப்பிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். பொதுவாகக் குடியிருக்கும் நாட்டிலிருந்துதான் போடவேண்டும். அம்மா கிளம்புவதற்கு முன்பே சென்னையில் வாங்கிவிட்டோம். தங்குமிட ஆதாரமாகக் கேரவன் முகாம்களின் முன்பதிவுத் தாள்களையே கொடுத்தோம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

இழுத்து ஓட்ட லைசென்ஸ் ஒரு பிரச்சினையாக இல்லை. 1997க்குப் பிறகு கார் தேர்வு எழுதியவர்கள் பெரிய டிரெய்லர் இழுக்க முன்பெல்லாம் தனித் தேர்வு எழுதவேண்டும். 2021 டிசம்பர் 16 முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகக் கை பழகிவிடாது. 1907இல் தொடங்கிய கேரவன் கிளப் பயிற்சி வகுப்பு நடத்துகிறது. நானும் கணவரும் ஒரு நாள் போனோம். கட்டணத்துக்கு நூறு மடங்கு பெறும். பின்னால் எடுப்பதற்கு அங்கே சொல்லிக்கொடுத்தது இன்றும் மறக்கவில்லை: ஸ்டீரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள், கேரவன் எந்தப் பக்கம் போகவேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்து. அதுவரை எனக்கு எல்லாம் தலைகீழாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அடுத்தது எடை. இதைத்தான் எல்லோரும் அசட்டையாக விடுகிறார்கள். காரின் எடையில் 85 சதவீதத்துக்குமேல் கேரவன் இருக்கக்கூடாது என்பது பழகாதவர்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. எங்கள் டீசல் கார் 1,700 கிலோ, ஆகவே 1,445 வரை இழுக்கலாம். நாங்கள் எடுத்த ஐந்து படுக்கைக் கேரவனின் வெறும் எடை 1,250, ஏற்றிய பிறகு இருக்கவேண்டிய உச்ச எடை 1,400. நடுவில் உள்ள 150 கிலோதான் நம் பங்கு. அதிலும் இடத்துக்கு வந்தபின் வண்டியைத் தள்ளி நிறுத்த உதவும் மோட்டார் 30, பேட்டரி 22, காற்றடித்து நிறுத்தும் முன்கூடாரம் 24. மீதி 74 கிலோவில் ஐந்து பேரின் துணி, பாத்திரம், மளிகை, மடக்கு நாற்காலிகள் எல்லாம் அடங்கவேண்டும்.

ஒரு நோட்டுப் போட்டேன். குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதினேன். அம்மா எனக்காகப் பொன்னி அரிசி மூட்டை 20 கிலோ வாங்கிவைத்திருந்தார். நோட்டின் முதல் வரியே அதுதான். அதை அடித்துவிட்டு, ஐந்து கிலோ மட்டும் என்று எழுதினேன். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "ஏட்டி, சோறு இல்லாம என்னத்துக்கு இம்புட்டுத் தூரம்?" என்று கேட்டார். துணிகளைக் காருக்கு மாற்றினோம். கனமான சாமான்களைத் தரையில், சக்கரத்துக்கு நேர்மேலே வைத்தோம். மேல் அலமாரியில் அப்பளமும் வத்தலும். கிளம்புவதற்கு முந்தின நாள் பொது எடைமேடையில் ஏற்றினோம், 1,385 கிலோ.

வாடகைக் கம்பெனியைப் பற்றி. பெயர் எழுதவில்லை. கேரவன் உள்ளே சுத்தமாக இருந்தது, மெத்தைகள் நல்லவை, அடுப்பு மூன்றும் எரிந்தன. ஆனால் டயர்! டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எங்கள் வண்டியில் 1517. 2017ஆம் வருடம் பதினைந்தாவது வாரம். எட்டு வருடப் பழசு. கேரவன் டயர்கள் ஓடித் தேய்வதில்லை, நின்றே கெடும். பட்டன் ஆழமாக இருக்கும், ரப்பர் வெடித்திருக்கும். "இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்கள். பிறகு பாதிச் செலவை நாங்கள் ஏற்கவேண்டும் என்றார்கள். நான் அசையவில்லை. ஆகஸ்ட் வெயிலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை, காரில் இரண்டு பிள்ளைகளும் அம்மாவும். கடைசியில் கிளம்புவதற்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கு இரண்டு டயரையும் மாற்றிக் கொடுத்தார்கள், செலவும் அவர்களுடையது. முன்பணமும் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. ஆனாலும் நான் கேட்காமல் விட்டிருந்தால் அந்த டயரோடுதான் அனுப்பியிருப்பார்கள். வாடகைக்கு எடுக்கிறவர்கள் குனிந்து அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மளிகைக்கு இன்னொரு கட்டுப்பாடு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபின், இங்கிருந்து இறைச்சியோ பால் பொருளோ அங்கே கொண்டுபோகக் கூடாது. தயிர் கூடாது, நெய் கூடாது. பச்சைக் காய்கறி, பழம், இலை எதுவானாலும் சான்றிதழ் வேண்டும். கறிவேப்பிலையும் அதில்தான் வரும். விலக்கு உள்ள சில பழங்களில் வாழையும் தேங்காயும் இருப்பது நம் பாக்கியம். நான்கு தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், கறிவேப்பிலைப் பொடி, பாசிப்பருப்பு, துவரம்பருப்பு, உளுந்து, புளி, சாம்பார் பொடி. நெய் இல்லாமல்தான் புறப்பட்டோம்.

இங்கிலாந்துக் கரையின் ஃபோக்ஸ்டோனிலிருந்து பிரான்சின் கலேவுக்கு, கடலடிச் சுரங்கம் வழியாக வண்டிகளை ஏற்றிப்போகும் லெ ஷட்டில் ரயில். இதற்கு என் முழு மதிப்பெண். கப்பலைவிட விலை கூடுதல்தான், ஆனால் முழங்கால் வலியுள்ளவர்கள் இருந்தால் யோசிக்காமல் இதை எடுங்கள். கப்பலில் காரை விட்டு இறங்கி மேல்தளத்துக்குப் போகவேண்டும். இங்கே கேரவனோடு நேராக ரயில் பெட்டிக்குள் ஓட்டிப்போய் நிறுத்திவிட்டு, அப்படியே காரில் உட்கார்ந்திருக்கலாம். 35 நிமிடம். உயரமான வண்டிகளுக்குத் தனிப் பெட்டிகள். ஏற்றுவதற்கு முன்னால் கேஸ் சிலிண்டர் அறையைத் திறக்கச் சொல்லி, வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்தார்கள். அதைப் பார்த்தபிறகு எனக்கும் நிம்மதி. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் சோதனை ஃபோக்ஸ்டோனிலேயே முடிந்துவிடுவதால், கலேயில் இறங்கியதும் நேராக நெடுஞ்சாலைதான். நாங்கள் போனபோது பாஸ்போர்ட்டில் முத்திரைதான் குத்தினார்கள். 2025 அக்டோபர் 12இலிருந்து படிப்படியாகக் கைரேகைப் பதிவு வந்துவிட்டது, அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பிரான்சில் சாலை அருமை, சுங்கம் கனம். காரும் கேரவனும் சேர்ந்த உச்ச எடை 3.5 டன்னைத் தாண்டினால் வேக வரம்பு 90. ஏற்ற அனுமதித்த பாரத்தையும் சேர்த்தால் எங்களுடையது 3,650 கிலோ, ஆகவே 90தான். கூகுள் மேப் சொல்லும் நேரத்தை நம்பவே கூடாது. அது ஐந்து மணி நேரம் என்றால் எங்களுக்கு ஏழு மணி நேரம் ஆனது. பிள்ளைகளோடு ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர ஓட்டமே போதும் என்று வைத்துக்கொண்டு, ரீம்ஸுக்கு அப்பால் ஷாலோனில் ஓர் இரவு, கோல்மார் பக்கம் இரண்டு இரவு என்று பிரித்தோம். பிரிட்டிஷ் கேரவனுக்குக் கதவு இடப்பக்கம். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் அது சாலையைப் பார்த்துத் திறக்கும். வழியில் ஓரமாக நிறுத்தி உள்ளே போவது ஆபத்து, அம்மாவைப் பெரிய ஓய்விடங்களில் மட்டுமே இறக்கினோம்.

முதல் இரவே மின்சாரம் பாடம் நடத்தியது. முகாமில் நம் இடத்துக்கு ஒரு நீலப் பிளக். அதில் எத்தனை ஆம்பியர் என்பதைப் பொறுத்துத்தான் வாழ்க்கை. இங்கிலாந்தில் பெரும்பாலும் 16. பிரான்சில் எங்களுக்குக் கிடைத்தது 6. ஆறை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். வீட்டுக் கெட்டில் ஒன்றே இரண்டாயிரத்துச் சொச்சம். நான் யோசிக்காமல் கெட்டிலைப் போட்டேன், மொத்தமும் அணைந்தது. சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டு. காவலர் வந்து திறந்து போட்டுவிட்டுப் போனார். இருபது நிமிடம் கழித்துக் கணவர் குளிக்க வெந்நீர் ஹீட்டரைப் போட, நான் ரைஸ் குக்கரைப் போட, மறுபடி அணைந்தது. இரண்டாம் தடவை அவரைக் கூப்பிடப் போகும்போது எனக்குக் கால் கூசியது.

அன்றிரவு நோட்டில் எடைக்கு அடுத்த பக்கத்தில் மின்சாரக் கணக்கு எழுதினேன். வெந்நீர் ஹீட்டர் 850 வாட். ஃபிரிட்ஜ் 150. பேட்டரி சார்ஜர் 200. இந்த மூன்றுமே 1,200 ஆகிவிடுகிறது. மிக்ஸிக்கு 750. அப்படியானால் மிக்ஸி ஓடும்போது ஹீட்டர் கூடாது, ஃபிரிட்ஜைக் கேஸுக்கு மாற்றிவிடலாம் (கேரவன் ஃபிரிட்ஜ் மின்சாரத்திலும் ஓடும், கேஸிலும் ஓடும்). சோறு கேஸ் அடுப்பில் பிரஷர் குக்கரில். காப்பிக்குத் தண்ணீரும் கேஸில். ரைஸ் குக்கரையும் கெட்டிலையும் மூட்டை கட்டி உள்ளே வைத்தோம். அதன்பிறகு பதினைந்து நாளும் ஒரு தடவைகூட மின்சாரம் போகவில்லை. இன்னொரு எச்சரிக்கை: இங்கிலாந்தின் கேஸ் சிலிண்டரை ஐரோப்பாவில் மாற்றித் தரமாட்டார்கள். அங்கே எங்கும் கிடைப்பது நீல நிறக் கேம்பிங்காஸ். எங்கள் ஆறு கிலோ சிலிண்டர் தினமும் இரண்டு வேளைச் சமையலுக்குத் தாங்கியது.

சுவிட்சர்லாந்தில் நெடுஞ்சாலைக்கு வருடச் சீட்டு மட்டும்தான் உண்டு, ஒரு நாள் போனாலும் 40 பிராங்க். காருக்கு ஒன்று, கேரவனுக்குத் தனியாக ஒன்று. பாசல் எல்லையில் இரண்டையும் வாங்கி ஒட்டினோம். ஆல்ட்டோர்ஃப் பக்கம் ஓர் இரவு தங்கி, செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கெல்லாம் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து போட்ட கொத்தார்ட் சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டோம். சனிக்கிழமை போயிருந்தால் வாசலில் பல கிலோமீட்டர் வரிசையில் நின்றிருப்போம். 1980இல் திறந்த சுரங்கம், கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர். ஒரே குழாய், எதிரெதிரே வண்டிகள். உள்ளே போகப்போக வெக்கை ஏறியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி கவசத்தை முடித்தபோது மறுபக்க வெளிச்சம் வந்தது. அங்கே பெயர்ப்பலகைகளே இத்தாலிய மொழிக்கு மாறிவிடுகின்றன, நாடு இன்னும் சுவிட்சர்லாந்துதான்.

இத்தாலியில் கேரவன் இழுத்தால் நெடுஞ்சாலையில் 80, மற்ற சாலைகளில் ஊருக்கு வெளியே 70. சுங்கம் அச்சுக் கணக்கில். காருக்கு இரண்டு, எங்கள் கேரவனுக்கு ஒன்று, ஆக மூன்றாம் வகுப்பு. சுங்கச்சாவடியில் மஞ்சள் பலகை மட்டும் உள்ள வரிசைக்குள் போய்விடாதீர்கள், அது சுங்கத்தைத் தானாகக் கழிக்கும் கருவி பொருத்தியவர்களுக்கு. கேரவனோடு பின்னால் வரமுடியாது. வெள்ளைப் பலகையில் காசு, நீலத்தில் கார்டு.

பெஸ்கியேராவுக்கும் லசீஸேவுக்கும் நடுவில், ஏரியை ஒட்டிய முகாம். வந்து சேர்ந்தது மதியம் 1:20. கேட் மூடியிருந்தது. இத்தாலியில் நிறைய முகாம்களில் மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை அமைதி நேரம், வண்டிகள் உள்ளேயும் வெளியேயும் போகக்கூடாது. முன்பதிவுத் தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 34 டிகிரி வெயில். சாலையோரம் மரநிழலும் இல்லை. அம்மாவைக் காரில் ஏசி போட்டு உட்காரவைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு மோர்கூட இல்லாமல், ஒரு மணி நாற்பது நிமிடம் நின்றோம். மூன்று மணிக்குத் திறந்தவர் சிரித்துக்கொண்டே வரவேற்றார், என்னால் சிரிக்க முடியவில்லை. தங்குவதற்கு வருகிறவர்கள் தூரத்திலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்த முகாம், அந்த ஒரு வரியைத் தாளில் போட்டிருக்கலாம். நீங்கள் பன்னிரண்டுக்குள் போய்ச் சேருங்கள், இல்லையென்றால் மூன்றுக்கு மேல்.

அந்தக் கோபம் அன்று சாயங்காலமே போய்விட்டது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் இடத்திலிருந்து தண்ணீருக்கு எழுபது அடி. இரவுக்கு 70 யூரோவுக்குக் கொஞ்சம் மேல், ஐந்து பேருக்கும் சேர்த்து. ஊர் வரி தனி. மின்சாரம் 10 ஆம்பியர், எனக்கு அரண்மனைக்கு வந்தமாதிரி இருந்தது. குளியலறைகள் ஒரு நாளைக்கு மூன்று தடவை கழுவினார்கள். இத்தாலியில் வீடுகளில் கழுவிக்கொள்ளும் பிடே 1975 முதல் சட்டப்படி இருக்கவேண்டும். முகாமிலும் தனி அறைகளில் இருந்தது. ஐரோப்பாவில் அம்மா நிம்மதியாக இருந்த முதல் குளியலறை இதுதான், நம் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கவேண்டாம். பாத்திரம் கழுவ வெந்நீரோடு பெரிய தொட்டிகள். நீச்சல் குளத்துக்குத் தலையுறை கட்டாயம், முன்பே வாங்கிக்கொண்டு போங்கள். ஏரித்தண்ணீர் கரையோரம் ஆழமில்லை, சின்னவன் நாள் முழுக்க அதிலேயே கிடந்தான். சுற்றிலும் ஜெர்மன், டச்சுக் குடும்பங்கள்தான். எதிரில் இருந்த டச்சுப் பாட்டி வீட்டுத் தக்காளி கொண்டுவந்து கொடுத்தார், அம்மா ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினார்.

ஐந்து கிலோ பொன்னி நான்காம் நாளிலேயே குறைந்துகொண்டு வந்தது. இட்லிக்கும் சோற்றுக்கும் அதே அரிசிதானே. அம்மா டப்பாவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எனக்குக் கவலையில்லை, ஏனென்றால் அதற்கும் ஓர் இடம் குறித்துவைத்திருந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிக நெல் விளைவது இத்தாலியில்தான். பெஸ்கியேராவிலிருந்து காரில் முக்கால் மணி நேரத் தூரத்தில், வெரோனாவுக்குத் தெற்கே, ஈசோலா தெல்லா ஸ்காலா என்ற ஊர். கேரவனை முகாமில் விட்டுவிட்டு அம்மாவை அங்கே கூட்டிப்போனேன்.

ஊருக்கு முன்னாலேயே வயல் தொடங்கிவிட்டது. காரை நிறுத்தச் சொன்னார். முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை, வரப்பில் இறங்கி நடந்துபோனார். தண்ணீர் கட்டி நின்றது. வாய்க்கால், மடை எல்லாம் சிமெண்டில். கதிர் வந்து தலை சாயத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏட்டி, நாத்து வரிசையே காணுமே. இவன் நடல, விதைச்சு விட்டிருக்கான்" என்றார். உண்மைதான். ஒரு காலத்தில் இந்தச் சமவெளியில் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று நாற்று நட்டு, களை பறித்தார்கள். இப்போது நேரடி விதைப்பு. அம்மா குனிந்து ஒரு கதிரைப் பறிக்காமலேயே கையில் ஏந்தி, ஒரு நெல்லை மட்டும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். வெள்ளையாகப் பால் வந்தது. அதை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். "இன்னும் ஒரு மாசம் ஆவும் அறுக்க." அங்கே அறுவடை செப்டம்பர் கடைசியில்தான் சூடுபிடிக்கிறது. தாமிரபரணிக் கரையில் தாத்தாவின் வயலை விற்று முப்பது வருடம் ஆகிறது. அம்மா நெல் வயலுக்குள் நின்று நான் பார்த்தது அதற்கப்புறம் அன்றைக்குத்தான்.

அங்கே 1650இலிருந்து இருக்கும் பழைய நெல் ஆலை ஒன்று உண்டு, பீலா வேச்சா என்று பெயர். பீலா என்றால் நெல் குத்தும் உரல், வேச்சா என்றால் பழைய. தண்ணீர்ச் சக்கரம் சுற்ற, வரிசையாக உலக்கைகள் உயர்ந்து விழும் அமைப்பு. அம்மாவுக்கு ஒன்றையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கடையில் இருந்த பெண்ணுக்கு அவரே கையால் உலக்கை போட்டுக் காட்டினார், அந்தப் பெண்ணும் தலையாட்டினாள்.

அந்த ஊர் அரிசி வியலோனே நானோ. ஐரோப்பாவில் புவிசார் குறியீடு பெற்ற முதல் அரிசி, 1996இல். குட்டையான, பருத்த மணி. அவர்கள் ரிசோட்டோ என்ற குழைசாதம் செய்வது இதில்தான். சமைத்துப் பார்த்த முடிவைச் சொல்கிறேன். சாம்பார் ஊற்றிப் பிசைய இது சரிப்படாது, ஒட்டிக்கொள்கிறது. ஆனால் வெண்பொங்கலுக்கு இதைப்போல் ஓர் அரிசி இங்கிலாந்தில் எனக்குக் கிடைத்ததே இல்லை. ஒரு பங்கு அரிசி, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பாசிப்பருப்பு, ஐந்து பங்கு தண்ணீர், நான்கு விசில். மணி குழைந்தும் உருவம் குலையாமல் நிற்கிறது. நெய்க்கு அம்மா கடையில் கால் கிலோ வெண்ணெய் வாங்கிவரச் சொல்லி, சின்ன அடுப்பில் சிம்மில் வைத்து உருக்கினார். வெண்ணெய் நுரைத்து, அடங்கி, அடியில் செம்மண் நிறத்தில் கசடு படிந்ததும் முருங்கையிலைக்குப் பதில் நான்கு மிளகைத் தட்டிப் போட்டு இறக்கினார். ஏரிப்பக்கம் போய்க்கொண்டிருந்த பெரியவள் வாசனை பிடித்துத் திரும்பி வந்துவிட்டாள்.

வெரோனாவும் வெனிஸும் ரயிலில் போனோம். கேரவனை ஊர் ஊராக இழுத்துப்போகும் திட்டத்தைத் தொடக்கத்திலேயே கைவிட்டது நல்லதாகப் போயிற்று. பெஸ்கியேரா நிலையத்திலிருந்து வெரோனா கால் மணி நேரம் போல. வெனிஸில் நடைபாலங்கள் எல்லாம் படிக்கட்டு. முழங்கால் வலிக்காரர்கள் நடக்க முயலாமல், பெருங்கால்வாய் வழியாகப் போகும் ஒன்றாம் எண் படகில் ஏறி உட்கார்ந்துவிடுங்கள். ஒரு சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம். வெனிஸில் ஒரு நாள் பயணிகளுக்கான நுழைவுக் கட்டணம் அந்த வருடம் ஜூலையோடு முடிந்துவிட்டதால் எங்களுக்கு இல்லை.

திரும்பும்போதும் அதே வழி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2025 ஏப்ரலிலிருந்து ஐரோப்பாவின் மாடு, ஆடு, பன்றி இறைச்சியையும் பால் பொருள்களையும் பிரிட்டனுக்குள் கொண்டுவருவதற்கும் தடை. வாங்கிய சீஸையும் உருக்கிய நெய்யையும் வழியிலேயே தீர்த்தாகவேண்டும். அரிசிக்குத் தடை இல்லை.

கடைசி இரவு முன்கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தபோது அம்மா எடை நோட்டைக் கேட்டு வாங்கினார். முகாம் விளக்கடியில் மடக்கு நாற்காலியைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். துவரம்பருப்பு காலி. உளுந்து காலி. தேங்காய் நாலும் காலி. எண்ணெய் பாதி. எல்லாவற்றையும் கூட்டி, ரெடிங்கில் நான் அடித்துவிட்ட முதல் வரிக்கு நேராக, கோணல் இல்லாத தன் பள்ளிக்கூட எழுத்தில் எழுதியிருந்தார்: இத்தாலி அரிசி, 10 கிலோ. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள், சக்கரத்துக்கு நேர்மேலே, தரையில்.